இறந்தவரைத் தெய்வமாக்குவது: யார் முடிவு செய்கிறார், என்ன சடங்கு, ஏன் சில வழிபாடுகள் அறுந்துபோகின்றன?

கரிசல்காடு:

வாசிப்பு வட்டம் ஒன்றில் மனிதர்களைத் தெய்வமாக்கும் வழக்கம் பற்றிப் பேச வேண்டும். கைக்குக் கிடைக்கும் கட்டுரைகள் "நன்றியால் கும்பிட்டார்கள்", "பயத்தால் கும்பிட்டார்கள்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. நேற்றுவரை சோறு தின்று, காய்ச்சலில் படுத்து, ஊராரோடு சண்டை போட்ட ஒருவர், யார் சொல்லி, என்ன செய்த பிறகு தெய்வம் ஆகிறார்?

ரோமில் பேரரசர்களைச் செனட் சபை தீர்மானம் போட்டுத் தெய்வமாக்கியது என்கிறார்கள். அது பட்டம் கொடுப்பது போலத்தானா, அல்லது சடங்கு உண்டா? நம் நடுகல்லை அதோடு ஒப்பிட்டுப் பேசலாமா? பெரிய கோயிலே கட்டிக் கும்பிட்டும் சில வழிபாடுகள் ஒரு தலைமுறையில் அற்றுப்போவது எதனால்? தெரிந்தவர்கள் ஆண்டு, இடம், நடைமுறையோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பழங்காசு:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரோமில் தீர்மானம், சாட்சி, சடங்கு மூன்றும் உண்டு. ஆனால் இவை ஒரே நாளில் அமைந்தவை அல்ல. ஜூலியஸ் சீசரில் தொடங்கிச் செப்டிமியஸ் செவரஸ் வரை இருநூற்றைம்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டன.

சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15. அவர் வளர்ப்பு மகன் ஆக்டேவியன் அந்த ஜூலையில் அவர் நினைவாக விளையாட்டுகள் நடத்தியபோது வானத்தில் வால்வெள்ளி ஒன்று ஏழு நாள் தெரிந்தது. சீசரின் உயிர் மேலே போய்விட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆக்டேவியன் அந்தப் பேச்சை விடவில்லை. சீசர் சிலையின் தலையில் நட்சத்திரம் வைத்தார். கி.மு. 42-இல் செனட் முறைப்படி தீர்மானம் போட்டது. உடலை எரித்த இடத்திலேயே கோயில் எழுந்து கி.மு. 29 ஆகஸ்ட் 18 அன்று குடமுழுக்குக் கண்டது. ஆக்டேவியனுக்குக் கிடைத்த பலன் காசுகளில் தெரியும்: தன் பெயரோடு "தெய்வத்தின் மகன்" என்று பொறித்துக்கொண்டார். செத்தவரைத் தெய்வமாக்குவதில் பெரும்பங்கு லாபம் உயிரோடிருக்கும் வாரிசுக்குத்தான். ரோம வரலாறு முழுக்க இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அந்த ஆக்டேவியன்தான் பிறகு அகஸ்டஸ். அவர் கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று நோலாவில் இறந்தார். செப்டம்பர் 17 அன்று தீர்மானம். நடுவில் ஒரு விஷயம் நடந்தது. நியூமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட்டர், அகஸ்டஸ் வானேறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அதற்காக அகஸ்டஸின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அன்றைக்கு ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கி.பி. 38-இல் கலிகுலா தன் தங்கை துருசில்லாவைத் தெய்வமாக்கியபோதும் ஒரு செனட்டர் இதே சத்தியம் செய்து இதே தொகையை வாங்கினார். அதற்குள் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

தீர்மானத்துக்குள் என்னென்ன இருந்தன என்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். பட்டம், கோயில், தனிப் பூசகர் (அகஸ்டஸுக்கு லிவியாவே பூசகி), ஆண்டு விளையாட்டுகள். இவற்றோடு வழிபாட்டைத் தொடர்ந்து நடத்த ஒரு குழு. முதன்மைக் குடும்பங்களிலிருந்து சீட்டுப் போட்டு 21 பேர், அவர்களோடு அரச குடும்பத்தார் நான்கு பேர். பலரும் கவனிக்காத ஒரு விதியும் உண்டு: குடும்பத்தில் யார் செத்தாலும் சவ ஊர்வலத்தில் முன்னோர் முகமூடிகளைத் தூக்கிப்போவது ரோமர் வழக்கம். தெய்வமானவரின் உருவத்தை அந்த வரிசையில் கொண்டுபோகக் கூடாது. அவர் இனி அந்த வீட்டுப் பாட்டன் இல்லை. தெய்வமாக்கலின் எல்லைக்கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை.

சடங்கு முழு வடிவம் எடுத்தபின் எப்படி இருந்தது என்பதை 211-இல் செவரஸ் இறந்தபோது நடந்ததை வைத்து அந்தக் கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன் விவரிக்கிறார். செவரஸ் பிரிட்டனில், இன்றைய யார்க் நகரில் இறந்து எரிக்கப்பட்டு, சாம்பல் ரோமுக்கு வந்துவிட்டது. ஆகவே சடங்கு நடந்தது மெழுகு உருவத்துக்கு. அரண்மனை வாசலில் உயரமான தந்தக் கட்டில், பொன்னிழைத் துணி, மேலே நோயாளி போல வெளிறிய மெழுகுப் பொம்மை. ஒரு பக்கம் கறுப்பு உடுத்த செனட்டர்கள், மறு பக்கம் நகை இல்லாமல் வெள்ளை உடுத்த உயர்குலப் பெண்கள். ஏழு நாளும் மருத்துவர்கள் வந்து பொம்மையைப் பார்த்து "உடம்பு மோசமாகிறது" என்று அறிவிப்பார்கள். ஏழாம் நாள் இறந்ததாகச் சொல்லிக் கட்டிலைத் தூக்குவார்கள். (193-இல் கொல்லப்பட்ட பேரரசர் பெர்டினாக்ஸின் மெழுகு உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று மயில்தோகையால் ஈ ஓட்டினான் என்கிறார் நேரில் பார்த்த டியோ.)

பிறகு மார்ஸ் திடலில் சிதை. முழுக்க மரத்தால் கட்டியது. உள்ளே சுள்ளி அடைத்து, வெளியே பொன்துணியும் தந்தச் சிற்பமும் ஓவியமும். அடுக்கின்மேல் அடுக்கு, மேலே போகப் போகச் சிறுத்துக் கலங்கரை விளக்கம் போல நிற்கும். இரண்டாம் அடுக்கில் கட்டிலை வைத்து, நறுமணப் பொருள்களைக் குவித்து, குதிரைப்படை சுற்றி வந்தபின் புதிய பேரரசர் முதலில் தீ வைப்பார். உச்சி அடுக்கிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள். அது உயிரை வானுக்குக் கொண்டுபோகிறது என்பது நம்பிக்கை. நினைவு வெளியீட்டுக் காசுகளில் கழுகும் அடுக்குச் சிதையும் வருவது இதனால்தான்.

கழுகு பறந்த பிறகு சாட்சிக்குத் தேவை குறைந்துபோனதையும் கவனியுங்கள். முன்னே ஒருவர் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது, பின்னே ஊரே பார்த்தது.

எல்லாருக்கும் கிடைக்கவில்லை. டைபீரியஸ், கலிகுலா, நீரோ, டொமிஷியன் தெய்வமாகவில்லை. 138-இல் ஹேட்ரியனுக்குச் செனட் மறுத்துப் பார்த்தது, வாரிசு அன்டோனைனஸ் விடாமல் வாதாடி வாங்கினார். கொமோடஸ் கதை இன்னும் விசித்திரம். 192 கடைசி நாளில் கொலை, சிலைகள் உடைப்பு, பெயர் அழிப்பு. சில ஆண்டுகளில் செவரஸ் தன்னை மார்கஸ் அரேலியஸின் மகன் என்று அறிவித்துக்கொண்டார். அப்படியானால் கொமோடஸ் அவருக்குச் சகோதரன். அழித்த பெயரை மீட்டு அவரையும் தெய்வமாக்கினார்கள்.

இவ்வளவும் ரோம் நகரத்து விதி. கிழக்கு மாகாணங்களில் உயிரோடு இருக்கும்போதே வழிபாடு நடந்தது. கி.மு. 29-இல் பெர்கமம், நிக்கோமீடியா நகரத்தார் கேட்டபோது, ரோமா தேவியோடு சேர்த்து மட்டும் தனக்குக் கோயில் கட்ட ஆக்டேவியன் அனுமதித்தார். அதே மாகாணங்களில் குடியிருந்த ரோமக் குடிமக்களுக்கு அந்த அனுமதி இல்லை, அவர்கள் இறந்த சீசரைத்தான் கும்பிட வேண்டும். எந்த ஊரில் நிற்கிறோம் என்று சொல்லாமல் "ரோமர்கள் அரசனைக் கடவுள் என்றார்கள்" என்று மேடையில் பேசினால் பாதி தப்பாகிவிடும்.

பீலி:

நடுகல்லை ஒப்பிடலாம். ஆனால் வீரத்தைப் பற்றிய பொதுப்பேச்சாக இல்லாமல், படிப்படியான முறையாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, பெரும் படையல் இடுவது, வாழ்த்துவது. உரைகாரர்கள் சில படிகளுக்கு வேறு வேறு விளக்கம் தருவார்கள், வரிசையில் சிக்கல் இல்லை. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் பெரும்பாலான காதைகளின் பெயர்களே இந்தப் படிகள்தான். காட்சிக் காதையைத் திறந்து பாருங்கள், உங்கள் "யார் முடிவு செய்கிறார்" என்ற கேள்விக்கு அங்கே ஒரு விவாதமே நடக்கிறது. கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவியா, நம் நாடு தேடி வந்த கண்ணகியா, யாரை வியப்பது என்று செங்குட்டுவன் கேட்கிறான். நம் நாட்டுக்கு வந்த பத்தினியைப் பரசவேண்டும் (வழிபட வேண்டும்) என்று அரசி சொல்கிறாள். அடுத்து, கல் பொதியிலிலிருந்தா இமயத்திலிருந்தா, நீராட்டு காவிரியிலா கங்கையிலா என்று பேசி இமயமும் கங்கையும் முடிவாகின்றன. கல்லின் பிறப்பிடமும் தண்ணீரும் தெய்வத்தின் தகுதியை நிர்ணயிக்கின்றன. இது காவியம் சொல்வது, ஆட்சிக் குறிப்பு இல்லை. ஆனால் கேட்டவர்கள் நம்பும்படி ஒரு தெய்வமாக்கல் எப்படி நடக்கவேண்டும் என்று அந்தக் காலம் நினைத்ததற்கு நல்ல சான்று. இலங்கை அரசன் கயவாகு அந்தப் பிரதிட்டையைக் கண்டான் என்கிறது காவியம். இன்றும் சிங்களவர் பத்தினி தெய்வமாகவும், மட்டக்களப்பு, முல்லைத்தீவுத் தமிழர் கண்ணகி அம்மனாகவும் அவளைக் கும்பிடுகிறார்கள். கண்டி எசல பெரஹெராவில் பத்தினி தேவாலயத்துக்குத் தனி ஊர்வலம் உண்டு.

நிலத்தில் கிடைப்பதற்கு வருவோம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடு கவரும் பூசல். பிற்காலக் கற்களில் வாசகம் நீள்கிறது: எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுப்பூசல் (மாட்டு மந்தைக்கான சண்டை), பட்டான் (இறந்தான்) என்ற முடிவு. செங்கம் வட்டாரம் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய்ப் பட்ட கருந்தேவகத்தியோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

படையல் என்ன என்பதைச் சங்கப் பாட்டுகள் நேராகச் சொல்கின்றன. புறநானூறு 329-இல் வீட்டில் காய்ச்சிய கள், நாட்பலி, நீராட்டு, நெய்ப்புகை. 232-இல் அதியமான் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் நாரால் அரித்த கள்ளை ஊற்றுகிறார்கள், ஊரையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தக் கள்ளைக் கொள்வானோ என்று ஔவை கேட்கிறார். 335-இல் மாங்குடி கிழார், போரில் விழுந்தவன் கல்லைத் தவிர நெல் தூவிப் பரவ எங்களுக்கு வேறு கடவுள் இல்லை என்கிறார். உயிரோடிருந்தபோது அவன் குடித்த கள்ளையே கல்லானபின்னும் கொடுக்கிறார்கள். தெய்வமான பிறகும் அவன் வாய் மாறவில்லை.

இது போரில் பட்டவன் கதை. இன்றைய கிராமத்தில் அதிகம் நடப்பது வேறு வகை: கொலையுண்டவர், தூக்கில் தொங்கியவர், தீப்பாய்ந்தவர், கல்யாணமாகாமல் செத்த பெண். அங்கே முறை தலைகீழ். முதலில் வருவது தொல்லை. குழந்தைக்குத் தீராத காய்ச்சல், மாடு கன்று சாவு. அடுத்து கோடாங்கியிடம் குறி கேட்பது. இன்னார் கேட்கிறார், இன்ன இடம் கேட்கிறார் என்று குறியில் வரும். இறங்கி ஆடுபவர் வாயிலாக அது உறுதியாக வேண்டும். அதன்பிறகுதான் பீடம், பிறகுதான் ஆண்டுக் கொடை. கன்னியாக இறந்த பெண் என்றால் பல வீடுகளில் வெளியே கோயிலே கிடையாது, வீட்டுக்குள் ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுத்துணி மாற்றிப் படைப்பார்கள். குடும்பம் ஊர் பெயர்ந்தால் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் நிலைநிறுத்துவார்கள். நெல்லைச் சீமையில் 1809 திருவிதாங்கூர்ப் போரில் இறந்த போல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்குக்கூடச் சாராயமும் சுருட்டும் படைத்ததைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அந்நியப் படையின் ஆள் என்பது அங்கே தடையாக இல்லை. துர்மரணம், புதைத்த இடம், அவருக்குப் பிடித்த பொருள். இவை மூன்றும் இருந்தால் அந்த ஊர் முறைக்குப் போதும்.

நடுகல்லில் அதிகம் கெட்டுப்போவது பெயர்தான். எழுத்து படிக்கத் தெரியாத தலைமுறை வந்ததும் ஆள் மறந்துபோகும், தெய்வம் மட்டும் நிற்கும். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் எத்தனையோ நடுகற்கள் இன்று வேடியப்பன். அவர்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் இருந்தது, தனிச் சாவு இருந்தது. சுண்ணாம்பும் எண்ணெயும் பூசிப் பூசி எழுத்து அடைந்துபோன கல்லைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. கும்பிடும் ஊராரைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் கும்பிடாவிட்டால் அந்தக் கல் எப்போதோ துணி துவைக்கும் கல்லாகியிருக்கும்.

கரிசல்காடு:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பீலி சொன்ன தலைகீழ் முறை எனக்குப் பெரிய திறப்பு. ஒரு துணைக்கேள்வி. ரோமில் மேலிருந்து அரசு தெய்வமாக்குகிறது, நம் கிராமத்தில் கீழிருந்து ஊர் தெய்வமாக்குகிறது. ஊர் தெய்வமாக்கியதை அரசு விசாரித்து ஏற்றுக்கொண்ட இடம் எங்காவது உண்டா?

கடல்மணி:

உண்டு. சீனாவில் சோங் அரசு இதற்கென்று ஒரு கோப்பு நடைமுறையே வைத்திருந்தது.

வரிசை இப்படி. ஊர்ப் பெரியவர்கள், எங்கள் கோயில் தெய்வம் வறட்சியில் மழை தந்தது, கொள்ளையரை விரட்டியது என்று உள்ளூர் அதிகாரிக்கு மனு எழுதுவார்கள். மனு மேலே போகும். மண்டல அலுவலகம் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பி விசாரிக்கும். அவர் அறிக்கை வந்தபின், தொடர்பில்லாத இன்னொரு அதிகாரியை அனுப்பி மறுபடி சரிபார்க்கும். உள்ளூர்க்காரரே விசாரித்தால் ஊர்ப்பற்றில் எழுதிவிடுவார் என்பதால்தான் இந்த இரட்டை விசாரணை. அதற்குப் பிறகு தலைநகரில் சடங்குத் துறை. தேறினால் முதலில் கோயிலுக்குப் பெயர்ப்பலகை. அடுத்தடுத்த அற்புதங்களுக்குப் பட்டம் படிப்படியாக ஏறும்: ஆண் தெய்வத்துக்குக் குறுநில மன்னர், கோமகன், அரசன். பெண் தெய்வத்துக்குச் சீமாட்டி, பிறகு அரசதேவி. ஒவ்வொரு படியிலும் அடைமொழி எழுத்துகள் இரண்டு இரண்டாகக் கூடும். 1083-இல் இந்த ஏறுவரிசையை விதியாகவே வகுத்தார்கள். அரசு ஊழியரின் பதவி உயர்வும் தெய்வத்தின் பதவி உயர்வும் ஒரே வகை ஏட்டில் நடந்தன.

நல்ல எடுத்துக்காட்டு மாசு. ஃபூஜியன் கடற்கரை மெய்ஜோ தீவில் லின் குடும்பத்துப் பெண். மரபுப்படி 960-இல் பிறந்து 987-இல், கல்யாணமாகாமல் இறந்தவர். பீலி சொன்ன கன்னி தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மீனவர்கள் கும்பிட்ட தெய்வம். 1123-இல் கொரியாவுக்குப் போன அரசத் தூதர் கப்பல் புயலில் தப்பியது. காத்தது இவள் என்று அறிக்கை போனதும் பேரரசர் கோயிலுக்குப் பெயர்ப்பலகை கொடுத்தார். சில பத்தாண்டில் சீமாட்டி. 1281-இல் மங்கோலிய யுவான் அரசு 'வானத்து அரசதேவி' என்றது. தெற்கிலிருந்து தலைநகருக்கு அரிசி கடல்வழியே போகத் தொடங்கிய காலம் அது. சிங் காலத்தில் 'வானத்துப் பேரரசி'. சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் தெருவில் தியான் ஹாக் கெங் கோயிலில் இருப்பது இவள்தான். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடமும் நிற்கிறது. பேச்சில் அதையும் சேர்த்துவிடாதீர்கள். இறைநேசரிடம் பரிந்துரை வேண்டுவது தெய்வமாக்கல் ஆகாது, அந்த எல்லையை இஸ்லாம் மிகக் கறாராக வைத்திருக்கிறது.

ஜப்பான் வேறு மாதிரி. அங்கே அரசே பயந்து தெய்வமாக்கியது. சுகவாரா நோ மிச்சிசானே பெரும் புலவர், அமைச்சர். 901-இல் பொய்க்குற்றம் சாட்டித் தசாயிஃபுவுக்கு அனுப்பினார்கள், 903-இல் அங்கேயே இறந்தார். 909-இல் அவரை விரட்டிய ஃபுஜிவாரா நோ டோக்கிஹிரா இறந்தார். 923-இல் பட்டத்து இளவரசர் இறந்ததும் மிச்சிசானேயின் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடங்கவில்லை. 930-இல் அரண்மனை மண்டபத்தில் இடி விழுந்து அதிகாரிகள் இறந்தார்கள், சில மாதங்களில் பேரரசர் டைகோவும் இறந்தார். 947-இல் கியோத்தோவின் கிட்டானோவில் கோயில். 987-இல் அரசே தெய்வப் பட்டம் கொடுத்தது. 993-இல் இறந்தவருக்கு மிக உயர்ந்த அரசுப் பதவியும் தந்தார்கள். பதவியைப் பறித்தது குற்றம் என்றால் பதவியைக் கொடுப்பதுதான் பரிகாரம், அந்தத் தர்க்கம் பிசகவில்லை. இன்று அவர் கல்விக்கு அதிபதி. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் வரிசை கட்டுகிறார்கள். இடி மின்னல் கோபம் முழுதும் கரைந்துவிட்டது.

தெய்வப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு அரசியல் இருந்தது என்பதற்கு, ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் டோக்குகாவா இயேயாசு. 1616-இல் அவர் இறந்ததும் எந்தப் பட்டம் என்று பெரிய வாக்குவாதம். ஒரு தரப்பு 'டைமியோஜின்' என்றது. தெங்காய் என்ற புத்தத் துறவி, அவருக்கு முன் ஆண்ட ஹிதேயோஷிக்குக் கொடுத்த பட்டம் அது, அந்த வம்சம் என்ன ஆனது பாருங்கள் என்று காட்டி 'டைகொங்கென்' என்பதை நிலைநாட்டினார். 1617-இல் நிக்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பேரன் இயேமிட்சு 1636-இல் முடித்த கோயில்தான் இன்று நாம் பார்ப்பது.

எழுத்தாணி:

உங்கள் மூன்றாம் கேள்விக்கு மேலே இருப்பவற்றிலேயே பாதி விடை இருக்கிறது. செலவை ஏற்றவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நம்பிக்கை குறைந்ததால் வழிபாடு நிற்பது எப்போதாவதுதான். எண்ணெய்க்கும் அரிசிக்கும் வழி அடைபட்டு நிற்பதே அதிகம்.

ஹிதேயோஷியையே எடுங்கள். 1599-இல் அரசவை அவரைத் தெய்வமாக்கியது, கியோத்தோவில் மாபெரும் கோயில், பெருந்திரள் திருவிழா. 1615-இல் ஒசாக்கா கோட்டை விழுந்து மகன் இறந்ததும் டோக்குகாவா அரசு அந்தத் தெய்வப் பட்டத்தையே ரத்து செய்தது. பதினாறே ஆண்டு. டோக்குகாவா ஆட்சி கவிழ்ந்த 1868-இல் மெய்ஜி அரசு வழிபாட்டை மீட்க உத்தரவிட்டது, 1880-இல் கோயில் மறுபடி எழுந்தது. இரண்டு முறையும் மக்கள் மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை, ஆட்சி மாறியது.

கிரேக்க நகரம் ஆம்ஃபிபோலிஸ் இன்னும் கூர்மையான சான்று. கி.மு. 437-இல் அந்த நகரை நிறுவிய ஏதென்ஸ்காரர் ஹாக்னானுக்கு அங்கே நிறுவனர் மரியாதை இருந்தது. கி.மு. 422-இல் ஸ்பார்ட்டாத் தளபதி பிரசிடாஸ் அந்த நகரைக் காத்து இறந்தார். ஊரார் அவரை நகருக்குள் புதைத்து, வேலி கட்டி, ஆண்டுப் பலியும் விளையாட்டும் ஏற்படுத்தி, இனி இவர்தான் எங்கள் நிறுவனர் என்றார்கள். ஹாக்னான் கட்டியவற்றை இடித்தார்கள். ஏதென்ஸோடு பகை, ஸ்பார்ட்டாவின் துணை தேவை, ஆகவே எதிரி கையால் மரியாதை பெறுவது ஹாக்னானுக்கும் பிடிக்காது, எங்களுக்கும் பயன் இல்லை என்று நினைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். ஹாக்னான் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

எதிர்த்திசைச் சான்று ஆன்டினஸ். ஹேட்ரியனின் பிரியத்துக்குரிய இளைஞன், 130 அக்டோபரில் நைல் ஆற்றில் மூழ்கி இறந்தான். செனட் தீர்மானம் இல்லை, வாரிசு இல்லை. ஆனால் ஹேட்ரியன் அங்கேயே அவன் பெயரில் ஒரு நகரத்தை நிறுவி, விளையாட்டுகளையும் ஏற்படுத்தினார். ஒரு நகரத்தின் பெயரும் திருவிழாவும் வருமானமும் அவனோடு கட்டுண்டதால் ஹேட்ரியன் போனபின்பும் வழிபாடு நெடுங்காலம் ஓடியது. தாசோஸ் தீவில் மல்வீரன் தியாஜெனிஸுக்கோ செலவு வேறு வழியில் வந்தது. சிலையைக் கடலில் எறிந்த பிறகு பஞ்சம் வந்தது என்றும், டெல்ஃபி அருள்வாக்கின்படி மீட்டு நட்டார்கள் என்றும் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் சொல்கிறார். அகழாய்வில் அவனுக்கான கல் உண்டியலே கிடைத்தது. பலியிடுபவர் ஒரு ஓபலுக்கு (சிறு கிரேக்கக் காசு) குறையாமல் போடவேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறது. சின்னத் தொகை, ஆனால் எந்த அரசனையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பேச்சில் ஒரு இடத்தில் மட்டும் கவனம். பள்ளிப்படைகளை (இறந்த அரச குடும்பத்தாருக்கு எடுத்த நினைவுக் கோயில்களை) தெய்வமாக்கலில் அப்படியே சேர்ப்பவர்கள் உண்டு. காளஹஸ்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தனுக்குப் பராந்தகன் எடுத்தது, மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் ராஜராஜன் எடுத்தது, பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்தது எல்லாம் இறந்தவர் நினைவில் எழுந்தவைதான். ஆனால் கருவறையில் இருப்பது சிவலிங்கம், பூசை சிவனுக்கு. அரசன் பெயர் இறைவன் பெயரோடு சேர்கிறது, அவ்வளவே. நடுகல்லில் படையல் பட்டவனுக்கே போகிறது. இந்த வேறுபாட்டைத் தொடாமல் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், கல்வெட்டு படித்த யாராவது கூட்டத்தில் எழுந்து கேட்பார்.

நடுகல் வழிபாடு ஏன் அறுகிறது என்பதற்கும் கல்வெட்டிலேயே தடயம் தேடலாம். பட்டவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்த செய்தி இருக்கிறதா பாருங்கள், நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி (சிந்திய குருதிக்கு ஈடான நிலம்) என்று வரும். அந்த நிலம் பட்டவனின் பிள்ளைகள் பிழைக்கக் கொடுத்தது. கல்லுக்கு விளக்கெரிக்கவும் படையலிடவும் பெரும்பாலும் தனியே எதுவும் எழுதிவைக்கவில்லை. பெருங்கோயிலில் நொந்தா (அணையா) விளக்குக்கு இத்தனை ஆடு, அவற்றைப் பேண இன்னார் பொறுப்பு என்று சபை சாட்சியாக வெட்டிவைத்த அதே காலத்தில், நடுகல்லின் பூசை அந்தக் குடும்பம் அந்த ஊரில் இருக்கும்வரைதான். நிலம் கைமாறி, குடும்பம் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தால் கல் அனாதை. பிடிமண் எடுத்துப் போயிருந்தால் தெய்வம் வேறெங்கோ பிழைத்திருக்கும். ஆகவே ஒரு கல் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தால், பக்கத்து ஊர்களிலும் அந்தக் குடும்பம் குடியேறிய ஊர்களிலும் ஒரே பெயரில் சிறு பீடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வழிபாடு நின்றுவிட்டது என்று எழுத வேண்டும்.